திராட்சைத் தோட்டத்து நடுவே 450 சதுர மீட்டர் மொசைக்: லூப்பியான் வீடா, கோயிலா?

கேள்வி · மார்ச் 2

என் மச்சான் தெற்கு ஃப்ரான்சைச் சுற்றிவிட்டுப் படங்கள் அனுப்பியிருக்கிறார். லூப்பியான் என்று ஓர் ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டம், நடுவில் பெரிய கொட்டகை, உள்ளே தரை முழுக்க மொசைக். ரோமானியர் காலத்துப் பண்ணைவீடு என்கிறார். பண்ணைவீட்டுக்கு எதற்கு 450 சதுர மீட்டர் மொசைக்? விவசாயி தரைக்கு இவ்வளவு செலவு செய்வானா? என் கணக்கில் அது கோயில், இல்லாவிட்டால் ஏதாவது மடம். இன்னொன்றும் கேட்க வேண்டும். மொசைக் தரை எங்கள் தாத்தா வீட்டிலும்தான் இருக்கிறது, 1978இல் போட்டது. அதற்கு யாரும் கொட்டகை போட்டு டிக்கெட் வசூலிக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

கோயில் இல்லை. வீடுதான்.

நான் இருப்பது பெசியே பக்கம். லூப்பியானுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். டைல்ஸ் போடுவது தொழில் என்பதால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கண் தரைக்குத்தான் போகும். சுவரில் என்ன மாட்டியிருந்தது என்பதை வீடு திரும்பியபின் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொள்வேன்.

"பண்ணைவீடு" என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது. லத்தீனில் வில்லா என்றால் நிலம், ஆட்கள், மாடு, கிடங்கு, முதலாளி வீடு எல்லாம் சேர்ந்தது. மிராசுதார் பண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். லூப்பியான் பண்ணை கி.மு. முதல் நூற்றாண்டில் சிறிதாகத் தொடங்கி அறுநூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. இத்தாலியையும் ஸ்பெயினையும் இணைத்த வியா தொமிசியா என்ற நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது. தெற்கே தோ காயல், அதைத் தாண்டினால் கடல். ஒயின் கிடங்கில் மட்டும் 80 பெருந்தாழிகள்; மொத்தம் 1,500 ஹெக்டோலிட்டர் பிடிக்கும். அதாவது ஒன்றரை லட்சம் லிட்டர், தாழி ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 1,900 லிட்டர். ஒயினை ஊற்றி அனுப்பும் குடங்களைச் சுடக் காயல் கரையில் சொந்தச் சூளை இருந்தது, கப்பல் ஏற்றச் சொந்தத் துறை இருந்தது.

இந்தக் காசுதான் தரையில் கிடக்கிறது. கேள்வி முடிந்ததா?

மார்ச் 3

முடியவில்லை, தாத்தா வீட்டு மொசைக்கை விட்டுவிட்டேன்.

அது வேறு, இது வேறு. நம் ஊரில் மொசைக் என்பது வெள்ளை சிமென்டோடு மார்பிள் சிப்ஸைக் கலந்து கொட்டி, இறுகியதும் மெஷின் வைத்துத் தேய்த்து பாலிஷ் போடுவது. சில்லு எங்கே விழுந்ததோ அங்கேதான் இருக்கும், யாரும் ஒவ்வொன்றாக வைக்கவில்லை. எங்கள் பெரியப்பா புதுச்சேரியில் அந்த மெஷின் ஓட்டியவர். பள்ளி லீவில் தண்ணீர் ஊற்றுகிற வேலை எனக்கு. அந்தச் சேறு காலிடுக்கில் போய் ஒரு வாரத்துக்கு எரியும்.

ரோமானியரிடமும் இதற்கு ஒரு பங்காளி உண்டு. சுண்ணாம்பில் செங்கல் தூள் கலந்து தளம் போட்டு, ஈரமாக இருக்கும்போதே வெள்ளைக் கல்துண்டுகளை அங்கங்கே பதித்துவிடுவார்கள். மலிவான தரை. மச்சான் படம் எடுத்தது அதுவல்ல. தெஸ்ஸெரா என்ற சதுரக் கல்லைக் கையால் வெட்டி, ஒவ்வொன்றாகக் கையால் வைத்தது.

ஒரு சென்டிமீட்டர் கல் என்று வைத்துக்கொண்டால் சதுர மீட்டருக்குப் பத்தாயிரம். 450க்கு 45 லட்சம். தாத்தா வீட்டுக்குக் கொட்டகை இல்லாததற்குக் காரணம் இதுதான். தாத்தா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மார்ச் 6

நான் முதல் நாள் எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை. யாரும் கண்டுபிடிக்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

ஒயின் காசில் மொசைக் வந்தது என்று அடித்துச் சொன்னேன். தாழிகள் நிறைந்து வழிந்தது கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டில். மச்சான் பார்த்த தரையோ கி.பி. 400ஐ ஒட்டி வீட்டையே திரும்பக் கட்டியபோது போட்டது. பதின்மூன்று அறைகளில் மொசைக். நடுவில் இருநூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. கொள்ளுத்தாத்தாவின் கொள்ளுத்தாத்தா விற்ற ஒயினுக்குப் பேரன் டைல்ஸ் வாங்கினான் என்று சொல்வது மாதிரி ஆகிவிட்டது.

இன்னும் மோசம், அந்தக் காலம் நல்ல காலமே இல்லை. 406 கடைசியில் ரைன் ஆற்றைக் கடந்து பல கூட்டங்கள் கால் (Gaul, இன்றைய ஃப்ரான்சும் அதை ஒட்டிய பகுதிகளும்) நாட்டுக்குள் இறங்கிவிட்டன. 418இல் விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தவரைத் தென்மேற்கே அக்விதேனில் குடியமர்த்தினார்கள். 462இல் நார்போன் நகரமே அவர்கள் கைக்குப் போனது. லூப்பியானில் இருந்து அது ஒன்றும் தொலைவில்லை. பேரரசு சரிகிற நேரத்தில் ஒருவர் ஆள் வைத்து அறை அறையாகப் பூவேலைத் தரை போடுகிறார்.

இப்போது உங்கள் கேள்வி நான் முதலில் நினைத்ததைவிட நல்ல கேள்வியாகத் தெரிகிறது. கோயில் என்பது மட்டும் தப்பு.

மார்ச் 6, அரை மணி கழித்து

"யாருமே கண்டுபிடிக்கவில்லை" என்றது தவறாம். ஒருவர் மூன்றாம் தேதியே தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார், நான் பார்க்கவில்லை. மன்னிக்கவும் அண்ணே.

மார்ச் 8, ஞாயிறு

இன்று திரும்பப் போய்விட்டு வந்தேன். கொட்டகை என்று நீங்கள் சொல்வது 2000இல் திறந்த காட்சிக்கூடம். தரை எந்த இடத்தில் போடப்பட்டதோ அந்த இடத்திலேயே கிடக்கிறது, நாம் மேலே நடைபாதையில் நின்று பார்க்க வேண்டும். அருங்காட்சியகச் சுவரில் ஓவியம்போல நட்டுக்குத்தலாக மாட்டிய மொசைக்கைப் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், சேலையைக் கடை பொம்மையில் பார்ப்பதற்கும் கட்டிய ஆளில் பார்ப்பதற்கும் உள்ளது.

இந்தத் தடவை பூக்களைப் பார்க்கவில்லை. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தேடினேன்.

எங்கள் தொழிலில் வீட்டுக்காரர் சோபாவை எங்கே போடப்போகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் முதல் டைலை வைப்போம். முழு டைல் கண்ணில் படும் இடத்துக்கு, வெட்டிய டைல் சோபாவுக்கு அடியில். ரோமானியர் விருந்து அறையில் இதே கணக்கு அப்பட்டமாகத் தெரியும். அவர்கள் சாய்ந்து படுத்துக்கொண்டு சாப்பிட்டவர்கள். பழைய முறையில் மூன்று சுவரை ஒட்டி மூன்று கட்டில். கட்டில் வரும் பட்டையில் சும்மா வெள்ளையோ எளிய கட்டமோ போட்டுவிட்டு, வாசலில் இருந்து நடு வரைக்கும்தான் வேலைப்பாடு. அறையில் ஒரு மரச்சாமான்கூட மிஞ்சாவிட்டாலும் தரையை வைத்தே கட்டிலின் அகலத்தைச் சொல்லிவிடலாம்.

பிற்காலத்தில் அரைவட்டக் கட்டில் வந்தது, ஒரு வளைவில் ஏழெட்டுப் பேர் சாயலாம். அதற்காகவே அறையின் ஒரு முனையை அரைவட்டமாக வளைத்துக் கட்டினார்கள். லூப்பியான் விருந்து அறைக்கு அப்படி மூன்று வளைவு. ஒன்றுக்கு ஏழு பேர் என்றால் இருபத்தொரு பேர் ஒரே பந்தியில். நடுத்தரை பரிமாறுகிறவர்களுக்கும் பாட்டுக் கூத்துக்கும். ஒயின் கிடங்கு நடத்தத் தேவையான அறையா அது? ஆட்களை வரவழைத்து உட்காரவைத்துக் காட்ட வேண்டியிருந்த ஒருவர் கட்டியது.

காசு எங்கிருந்து வந்தது என்று நான் ஆறாம் தேதி மண்டையை உடைத்துக்கொண்டேன். யாரை உட்காரவைக்க வேண்டியிருந்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 9

"தரையில் ஒரு உழவன்கூட இல்லையே, ஏன்?" என்று கேட்டவருக்கு.

அதானே. லூப்பியானில் பருவங்களை மனித உருவாகக் காட்டிய தரை ஒன்று இருக்கிறது. மற்றபடி கொடி, இலை, பூ, கட்டம், பின்னல். ஜெர் மாவட்டத்தில் செவியாக் என்று இன்னொரு வில்லா. 1868 வாக்கில் தெரியவந்தது, 1959 முதல் பவுலெத் அரகோன்-லோனே என்ற பெண்மணி தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு பல பத்தாண்டுகள் தோண்டினார். அங்கே 625 சதுர மீட்டர் மொசைக். திராட்சைக்கொடி, ஐவி இலை, பழம் தொங்கும் மரம். மரம் இருக்கிறது, பறிக்கிற ஆள் இல்லை.

விவசாய வேலை வேண்டும் என்றால் நகரத்துக்குப் போக வேண்டும்! ரோன் ஆற்றங்கரையில் வியென் நகரத்துக்கு எதிரே சான்-ரோமான்-ஆன்-கால். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே கிடைத்த தரையில் ஒரு வருஷத்து விவசாய வேலை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கிறது. நாற்பது கட்டம் இருந்திருக்கிறது, மிஞ்சியது முப்பதுக்குக் குறைவு. உழுது விதைக்கிறார்கள், எரு சுமக்கிறார்கள், ஒட்டுக் கட்டுகிறார்கள், ஒலிவம் ஆட்டுகிறார்கள், திராட்சை மிதிக்கிறார்கள், கூடை முடைகிறார்கள். ஒரு கட்டத்தில் தாழிக்கு உள்பக்கம் கீல் பூசுகிறார்கள். லூப்பியான் கிடங்கில் 80 தாழிக்கும் யாரோ செய்த வேலை அது. இப்போது பாரீசுக்குப் பக்கத்தில் சான்-ஜெர்மான்-ஆன்-லே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பட்டணத்துக்காரனுக்கு வயல் அழகு. வயலிலேயே இருக்கிறவன் வீட்டுக்குள் அது எதற்கு என்று நினைத்திருப்பான். என் வீட்டில் டைல்ஸ் காலண்டர் மாட்டினால் நானே கழற்றிவிடுவேன்.

மார்ச் 11

திருத்தம். பெரிய வாயாக "வில்லா தரையில் விவசாயம் இல்லை" என்று எழுதியதற்குச் சுவிட்சர்லாந்தில் இருக்கும் ஒருவர் ஒரே ஒரு படம் அனுப்பி என்னை உட்காரவைத்துவிட்டார். இரண்டு மாடு பூட்டிய வண்டி, ஓட்டுகிறவன், கொம்பு ஊதுகிறவன். ஒர்ப் ஊருக்குப் பக்கம் பொஸ்செயா என்ற இடத்து வில்லா. முழுக்க முழுக்கக் கிராமப்புறம். ஆல்ப்சுக்கு வடக்கே இருந்த மிகப் பெரிய வில்லாக்களில் ஒன்று, 16 ஹெக்டேர்.

ஆகவே நான் சொன்னது லூப்பியானுக்கும் செவியாக்கிற்கும் பொருந்தும், எல்லாவற்றுக்கும் இல்லை. ஒர்ப் இருநூறு வருஷம் முந்தையது என்று சப்பைக்கட்டுக் கட்டலாம். கட்டவில்லை.

அதே வில்லாவில் எனக்கு வேறு ஒன்று பிடித்துப்போனது. கிழமைகளுக்குரிய தெய்வங்களைக் கொண்ட தரை. வாரத்தின் ஏழு கோள்கள். ஃப்ரெஞ்சில் மார்தி, மெர்க்ரதி, ஜூதி, வான்த்ரதி என்பது மார்ஸ், மெர்க்குரி, ஜூப்பிட்டர், வீனஸ். நம் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. வரிசைகூட மாறாது. கோள்வாரம் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சோதிடத்தோடு கிழக்கே வந்து நம் காலண்டரிலும் ஏறியது. என் மகள் முதல் வகுப்பில் ஃப்ரெஞ்சுக் கிழமைகளை மறந்து மறந்து அழுதபோது எனக்கு இது தெரிந்திருந்தால் ஒரு வாரக் கண்ணீர் மிச்சம்.

மார்ச் 12

மொசைக்கில் போலி உண்டா என்று கேட்டீர்கள். மொசைக்கைப் பற்றி எனக்குத் தெரியாது, பக்கத்துச் சுவரில் உண்டு.

மோசெல் ஆற்றங்கரையில் நெனிக். இன்று ஜெர்மனி, அன்று கால் நாட்டின் த்ரெவெரி என்ற இனத்தவர் பகுதி. 1852இல் ஒரு விவசாயி தோண்டும்போது தட்டுப்பட்டது. 160 சதுர மீட்டர் ஒரே தரை, முப்பது லட்சம் கல் என்று சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கல் ஒன்று 7 மில்லிமீட்டர் சொச்சம் வருகிறது, லூப்பியானுக்கு நான் வைத்ததைவிடப் பொடி. கிளாடியேட்டர் சண்டை, புலி, சிங்கம், கரடி. ஓரத்தில் தண்ணீர் அழுத்தத்தில் ஒலிக்கும் ஆர்கன் வாத்தியமும் கொம்பும். சாப்பிடுகிற வீட்டில் ரத்தம்.

1866இல் அங்கே சுவர்ப்பூச்சில் லத்தீன் எழுத்துகள் "கிடைத்தன". ட்ராயன் பேரரசரின் பெயரெல்லாம் இருந்தது. ஊரே துள்ளியது. மோம்சன் என்ற பெரிய வரலாற்றறிஞர் பார்த்துவிட்டு இது போலி என்றார். பெரிய சண்டை நடந்து, கடைசியில் போலி என்றே ஆனது. இவ்வளவு நல்ல தரை இருக்கிற இடத்தில் யாருக்கு எழுத்து கேட்டது?

மார்ச் 13

யாரை உட்காரவைத்தார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. லூப்பியானில் அல்ல, அதே பக்கத்தில்.

சிதோனியஸ் அப்பொல்லினாரிஸ் என்ற பெரிய இடத்துப் பிள்ளை, பின்னால் பிஷப் ஆனவர், 5ஆம் நூற்றாண்டில் எழுதிய கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒரு கடிதத்தில் நீம் பக்கம் இரண்டு நண்பர்களின் வில்லாக்களில் மாறி மாறித் தங்கியதை எழுதுகிறார். பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். இன்று எந்த வீட்டில் விருந்து என்று இரண்டு பேருக்கும் போட்டி, வழியிலேயே மடக்கிப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். காலையில் பந்து விளையாட்டு, பகடை, ஒரு பக்கம் நூலகம். பிறகு சமையல்காரன் அழைக்கச் சாப்பாடு.

எனக்குப் பிடித்த இடம் குளியல். இரண்டு வீட்டிலும் குளியல் அறை வேலை நடந்துகொண்டிருக்கிறது, முடியவில்லை! ஆற்றங்கரையில் குழி தோண்டி, பழுக்கக் காய்ச்சிய கல்லைக் கொட்டி, மேலே வளைத்த குச்சிகளில் கம்பளி போர்த்தி, உள்ளே உட்கார்ந்து ஆவி பிடித்தார்களாம். சீமான்கள். அவர் அதையும் ரசித்து எழுதுகிறார். "அடுத்த வாரம் முடித்துவிடுகிறேன் ஐயா" என்று சொன்ன கொத்தனார் யாரோ, அவரை நான் மானசீகமாக வணங்குகிறேன்.

விசிகோத்து அரசன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற காலம் இது. ராஜ்யம் கையை விட்டுப் போகப்போக, நாலு பேர் நம் வீட்டில் வந்து சாய்ந்து சாப்பிட்டார்கள் என்பதுதான் மிச்சமான அந்தஸ்து. எனக்கு அப்படித்தான் படுகிறது.

மார்ச் 15

தொழில்காரர்கள் இரண்டு பேர் அடித்தளம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

வித்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக்கலைஞர் தன் புத்தகத்தில் சொல்லும் முறை: முதலில் கை நிறையும் அளவுக் கல்லை அடுக்கு. அதன்மேல் ஜல்லியும் சுண்ணாம்பும் மூன்றுக்கு ஒன்று. கும்பலாக ஆட்கள் மரக்கட்டையால் இடிக்க வேண்டும், இடித்து முடித்தபின் முக்கால் அடிக்குக் குறையக் கூடாது. ரோமானிய முக்கால் அடி 22 சென்டிமீட்டர். அதன்மேல் செங்கல் தூள் மூன்று, சுண்ணாம்பு ஒன்று, ஆறு விரல்கடை, அதாவது 11 சென்டிமீட்டர். இந்தக் கலவை நம் சுர்க்கி. பெரியப்பா தலைமுறைக் கொத்தனார்களுக்குச் சொன்னால் "இதைச் சொல்ல ரோமுக்குப் போனாயா" என்பார்கள். அதற்குமேல்தான் மெல்லிய சுண்ணாம்பில் கல் பதிப்பு. எல்லாம் போட்டபின் மட்டம் பார்த்துத் தேய்ப்பு.

கூட்டிப் பாருங்கள். அடுக்கின கல்லைச் சேர்க்காமலே 33 சென்டிமீட்டர். புத்தகத்தில் இப்படி. கால் நாட்டில் தோண்டிய எத்தனையோ தரைகளில் இதில் பாதிகூட இல்லை, ஒரு அடுக்கையே விட்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பும் கான்ட்ராக்டர் கான்ட்ராக்டர்தான்.

சிரிக்கிற உரிமை எனக்கு இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கட்டட முதலாளி அவசரப்படுத்தி, காயாத தளத்தின்மேல் டைல்ஸ் போடச் சொன்னார். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். போட்டேன். நாலாவது மாதம் கூடத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு விரிசல். வீட்டம்மா கூப்பிட்டுக் காட்டி ஒன்றும் பேசாமல் நின்றார், திட்டியிருந்தால் பரவாயில்லை. லூப்பியான் நடைபாதையில் நிற்கும்போதெல்லாம் அந்த விரிசல் ஞாபகத்துக்கு வருகிறது. இவர்களுடையது ஆயிரத்து அறுநூறு வருஷம். மேலே ஏர் ஓட்டியிருக்கிறார்கள், வேர் போயிருக்கிறது.

மார்ச் 16

"சிரியாக்காரர்கள் வந்து போட்டார்களாமே?"

லூப்பியானில் இரண்டு பட்டறைகளின் கை இருக்கிறது என்பது ஆய்வாளர்கள் முடிவு. ஒன்று அக்விதேன் பாணி, செவியாக் பக்கத்துக் கொடியும் பழமும். மற்றது சிரியா பாணி. கடலின் மேற்குக் கோடியில் ஒரு வீடு, கிழக்குக் கோடியில் இருந்து ஒரு பட்டறை.

ஆளே வந்தாரா, டிசைன் மட்டும் வந்ததா? ஆள் வந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டிசைனைப் பார்த்துப் போடலாம், நிறத்தை எந்த இடத்தில் மாற்றுவது என்ற கைப்பழக்கத்தைப் பார்த்துப் போட முடியாது. என்னோடு வேலை செய்த போர்த்துகீசியரின் வளைவு வெட்டைப் பத்து வருஷமாகக் காப்பி அடிக்கிறேன், இன்னும் வரவில்லை.

ஒருவேளை நான் என்னைப் போல ஒருவரை அங்கே பார்க்க ஆசைப்படுகிறேனோ என்னவோ. வெளியூரில் இருந்து வந்து அடுத்தவர் வீட்டுக்குத் தரை போட்டவர்.

மார்ச் 21

கோயில்காரரே, உங்களுக்கு அரை மதிப்பெண்.

வில்லா வீடுதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அதே 5ஆம் நூற்றாண்டில் லூப்பியானில் ஒரு கிறித்தவக் கோயிலும் கட்டியிருக்கிறார்கள், ஞானஸ்நானத் தொட்டியோடு. இன்று சாந்த்-செசில் கோயில் இருக்கிற இடத்தில் தோண்டி எடுத்தது. பண்ணைக்குள் மூன்று வளைவு விருந்து அறை, பக்கத்திலேயே கோயில். பெரிய நிலக்காரர் தன் ஆட்களுக்குக் கோயில் எடுப்பது நம் ஊருக்குப் புதிதா?

ஆக நீங்கள் கோயில் என்று சொன்னது சரி, இடம்தான் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது.

மார்ச் 22

செவியாக்கிற்கு எப்போது போகலாம் என்று கேட்டவருக்கு: வெயில் நேரத்திலும் போகலாம். 2018இல் போர்த்துகீசியக் கட்டடக்கலைஞர் கரில்லோ த கிராசா வடிவமைத்த புதுக் கூரை வந்துவிட்டது.

ஏப்ரல் 6

பேசிக்கொண்டே இருந்தால் போதாது என்று ஒன்றை ஆரம்பித்தேன். நாற்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர் பலகை. நடுவில் ஒரு இலை, சுற்றி இரண்டு இழைச் சடைப்பின்னல். ஒரு சென்டிமீட்டர் கல், மொத்தம் 1,600. டைல்ஸ் கட்டர் கிடையாது, பழைய முறையிலேயே: மரக்கட்டையில் ஓர் உளியை முனை மேலே வருமாறு நட்டு, கல்லை அதன்மேல் பிடித்துச் சுத்தியால் தட்டுவது.

முதல் நாள் மாலை மணிக்கு நூறு கல். அதில் இருபது முக்கோணம். கட்டைவிரலில் இரண்டு தட்டு. சரியாக விழுந்த கல்லைச் சத்தத்திலேயே தெரிந்துகொள்ளலாம், "டிக்" என்று ஒரே சத்தம். "டிரக்" என்றால் உடைந்தது.

மணிக்கு நூறு என்ற என் வேகத்தில் லூப்பியானின் 45 லட்சத்துக்கு 45,000 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி, வருஷத்துக்கு முந்நூறு நாள் என்றால் வெட்டவே பதினெட்டு வருஷத்துக்கு மேல். அவர்களுக்குக் கை வேகம் பல மடங்கு இருந்திருக்கும், பக்கத்தில் பையன்கள் உட்கார்ந்து வெட்டிக் குவித்திருப்பார்கள். அந்தப் பையன்கள் எந்தப் பருவத்து உருவத்திலும் இல்லை.

ஏப்ரல் 19

பலகை முடிந்தது. படம் கேட்டவர்களுக்கு: போடமாட்டேன். காரணம் கீழே.

சடைப்பின்னல் நேர்கோட்டில் சமர்த்தாகப் போகும். மூலை திரும்பும்போதுதான் சனியன். மூலைக்கு வந்து சேரும் நேரத்தில் எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்பது பக்கத்து நீளத்தோடு ஒத்துப்போக வேண்டும். முதலிலேயே எண்ணிக்கொள்ளவில்லை என்றால் கடைசியில் அரைக்கண் மிஞ்சும். பழைய தரைகளிலும் இதைப் பார்க்கலாம்: பின்னல் திடீரென்று நீளும், இல்லை குறுகும், இல்லை ஒரு கண் சப்பையாகும். இரண்டு ஆட்கள் இரண்டு பக்கத்தில் இருந்து போட்டுக்கொண்டு வந்து நடுவில் சந்தித்த இடம் என்று நான் மனைவியிடம் பெருமையாக விளக்கியிருக்கிறேன்.

என் பலகையில் நான் ஒருத்தன்தான். மூன்று மூலை ஒழுங்காகத் திரும்பியது. நாலாவதில் சிவப்பு இழை வெள்ளை இழைக்கு மேலே போக வேண்டிய இடத்தில் இரண்டுமே கீழே போய்விட்டன. பெயர்த்துத் திரும்பப் போடலாமா என்று ஒரு நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தேன். சுண்ணாம்பு இறுகிவிட்டது.

வாஷிங் மெஷினுக்கு அடியில் தரை கொஞ்சம் பள்ளம், ஆடிக்கொண்டே இருந்தது. பலகை அங்கே கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. நாலாவது மூலையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.